பேர் வைக்கிற மேசை

ஏஞ்சலிஸ், பிலிப்பைன்ஸ்
9 ஜூன் 1996

அன்புள்ள அம்பாரோ அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? அந்தப் பழைய கண்ணாடியை மாற்றித் தொலைத்தாயா, இல்லையா?

தைவானிலிருந்து நீ அனுப்பிய பெட்டி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சோப்பையெல்லாம் அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நாங்கள் கையலம்ப வேண்டுமானால் இனி அவளிடம் மனுப் போட வேண்டும். பெட்டியின் அடியில் அந்த பில்லியர்ட்ஸ் கோல் இருந்தது. ஆசையாகத்தான் இரண்டு துண்டையும் திருகி மாட்டினேன். பிறகு திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பேர் எங்கே அக்கா? அடிக்கட்டையில் முட்டை வடிவில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கிறது.

தெரியாத்தனமாக அதைச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆட்டக் கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். கோல் பழுது பார்க்கும் டூரோ வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு கம்பெனிடா இது?" என்றான்.

வாய் சும்மா இருக்குமா? "எங்க அக்கா கம்பெனி" என்றேன்.

"அப்ப உங்க அக்காவையே வந்து ஆடச் சொல்லு" என்றான். கூடமே சிரித்தது. இப்போது அந்தக் குச்சி அம்மாவின் கொசுவலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அளவாக இருக்கிறதாம், உன்னை வாயார வாழ்த்துகிறாள்.

நல்ல செய்திக்கு வருகிறேன். ஹாலோவே கம்பெனி தெரியுமல்லவா, கழுகு முத்திரை, அசல் அமெரிக்கச் சரக்கு? அவர்கள் தங்கள் அணிக்கு நம் மாகாணத்திலிருந்து ஒரே ஓர் ஆளை எடுக்கிறார்கள். டிசம்பரில் தேர்வு ஆட்டம். ஜெயிப்பவன் வசந்தத்தில் அமெரிக்கா போய் ஆடலாம். அவர்களுடைய ஆள் பெக்கர் துரை வந்து, களத்தில் இருக்கும் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கழுகுக் கோல் கொடுத்திருக்கிறார். அதில்தான் ஆட வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனையா இது, வரம்! தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். இந்த இடம் எனக்குத்தான் அக்கா. எழுதி வைத்துக்கொள்.

அம்மாவின் முத்தங்களுடன்,
உன் தம்பி டெல்ஃபின்


தைச்சுங், தைவான்
7 ஜூலை 1996

அன்புத் தம்பி டெல்ஃபினுக்கு,

தலைவலி போய்விட்டது, கண்ணாடி மாற்றவில்லை, காரணம் கேட்காதே. அம்மாவை முழங்காலில் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல். மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு "எனக்கொன்றுமில்லை" என்பாள், நம்பாதே.

நான் தேர்ந்தெடுத்த கோல் கொசுவலைக்குப் பொருந்தியதில் பெருமையாக இருக்கிறது. எங்கள் ஆலையின் புகழ் எங்கெல்லாம் பரவுகிறது பார்.

பேர் எங்கே என்று கேட்டாய். இங்கே எங்கள் வேலை நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். கோல் கடைந்து, காய்ந்து, மெருகேறி என் மேசைக்கு வரும். நான் அதைப் பளிங்கின் மேல் உருட்டி, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதுவரை ஒன்றுக்கும் பேர் கிடையாது. எனக்கு அடுத்ததுதான் பேர் வைக்கிற மேசை. அங்கே ஒரு பெண் ஞானஸ்நானம் செய்கிற பாதிரியார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். தட்டில் எந்தப் பேர் இருக்கிறதோ அதை எடுத்துப் பள்ளத்தில் ஒட்டுவாள். மரத்தில் கறுப்பு வரி ஓடிய கோல்களை ஒதுக்கிவிடுவார்கள். அவற்றை நாங்கள் வாங்கிக்கொள்ளலாம். உன்னுடையது அப்படி ஒதுங்கியது. வரிதான் குறையே தவிர வேறு குறை அதில் இல்லை.

எந்தெந்தக் கம்பெனிக்குச் செய்கிறோம் என்று வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் அதைக் கேட்காதே.

அமெரிக்கக் கோல் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன், சும்மாதான். அந்தக் கழுகு கோலின் நுனியைப் பார்த்துப் பறக்கிறதா, உன் கையைப் பார்த்தா?

நேரத்துக்குச் சாப்பிடு. 
அம்பாரோ


ஏஞ்சலிஸ்
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள், உனக்காக மட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கழுகு நுனியைப் பார்த்துத்தான் பறக்கிறது. பின்னே என்ன, புறமுதுகு காட்டியா பறக்கும்? எதற்கு இந்த ஆராய்ச்சி?

மழை விட்டபாடில்லை. எரிமலையிலிருந்து சாம்பல் சேறு மறுபடியும் இறங்கி, ஆற்றுப் பக்கம் பாதையெல்லாம் மூடிவிட்டது. கூடத்துக்குள்ளும் ஈரம். மேசைத் துணி நனைந்த நாய் மாதிரி இருக்கிறது, பந்து ஓடமாட்டேன் என்கிறது. பயிற்சி ஆட்டத்தில் மெக்கானிக் போனியிடம் தோற்றேன். அவன் நான் குறி பார்க்கும்போதெல்லாம் இருமினான். அடுத்த வாரம் பேக்கரிக்காரனிடமும் தோற்றேன். அன்றைக்கு விளக்கு சரியில்லை. மூன்றாவதாக ஒருவனிடம், அதை விடு, அன்று நான் பன்றிக்கறி சிசிக் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தேன், வயிறு கடமுடா என்றது.

கவலைப்படாதே. டிசம்பரில் மழை இருக்காது, இருமல் இருக்காது, பட்டினியாகப் போய் ஆடுவேன்.

உன் டெல்ஃபின்


தைச்சுங்
15 செப்டம்பர் 1996

தம்பி,

நான் நலமே. உன் வயிறு நலந்தானா?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மழையைக் குறை சொன்னாய், துணியை, விளக்கை, அடுத்தவன் தொண்டையை, கடைசியில் பன்றிக்கறியையும் விட்டு வைக்கவில்லை. கோலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. பேக்கரிக்காரனிடம் தோற்கிற ஆளா நீ? சின்ன வயதிலேயே அவனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஜெயித்தவன் நீ.

பூசி மெழுகாமல் சொல்கிறேன், கேள். உனக்குக் கை குட்டை, விரல் தடி. குனிந்து ஆடு என்றால் கோயில் தூண் மாதிரி நிமிர்ந்துதான் நிற்பாய். அந்த மாதிரி கழுகுக் கோல் கனமெல்லாம் நுனிப் பக்கம் தள்ளி, மெலிந்த கழுத்தோடு இருக்கும். நீளக் கைக்காரனுக்கு அது அமிர்தம். உனக்கு ஆகாது. கோல் மோசம் என்று சொல்லவில்லை, உன் கைக்குச் சேராது என்கிறேன். சட்டை நன்றாக இருந்தால் போதுமா, தோளில் நிற்க வேண்டாமா?

கொசுவலையில் கட்டியிருக்கிறாயே, அதை ஒதுக்குக் குவியலில் கைக்கு வந்ததை எடுத்து நான் அனுப்பவில்லை. தடித்த கழுத்துள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அடிக்கட்டைக்குள் இருந்த திருகைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கனமான திருகைப் போட்டேன். உன் கையை மனதில் வைத்துக்கொண்டுதான் உருட்டிப் பார்த்தேன். ஒரு நாள் அதை அவிழ்த்து ஆடிப் பார். பேர் இல்லாவிட்டால் பந்து குழியில் விழமாட்டேன் என்று சொல்லுமா?

கோபப்படுவாய். பரவாயில்லை, கோபத்தோடு ஆடு.
அக்கா


ஏஞ்சலிஸ்
6 அக்டோபர் 1996

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்.

நீ அங்கே நாள் முழுக்கக் குச்சி உருட்டுகிறாய், மறுக்கவில்லை. அதற்காக அமெரிக்காக்காரன் செய்ததைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கனம் எங்கே இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. காது குத்துவதற்கு வேறு ஆளைப் பார். ஹாலோவேயில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் கையால் கடைகிறதாம், பெக்கர் துரையே சொன்னார். நான் ஹாலோவேயிலேயே ஆடுவேன், ஹாலோவேயிலேயே ஜெயிப்பேன்.

அம்மா கேட்டதாகச் சொன்னாள்.
டெல்ஃபின்


தைச்சுங்
24 நவம்பர் 1996

தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. தபாலைக் குறை சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் அறையில் இருக்கும் மற்றப் பெண்களுக்கெல்லாம் ஊரிலிருந்து வருகிறது.

நீ எந்தக் கோலில் ஆடினாலும் உன் பக்கம்தான் நான். இங்கே ஞாயிறு பூசையில் உனக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறேன். எதை நினைத்துக் கேட்பது என்று தெரியாமல், "அவனுக்கு நல்ல புத்தி கொடு" என்று பொதுவாகக் கேட்டு வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அம்மாவுக்கு முழங்கால் உறை அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் பூட்டாமல் காலில் போடச் சொல்.
அம்பாரோ


ஏஞ்சலிஸ்
22 டிசம்பர் 1996

என் அன்பான, அருமையான, அழகான அக்காவுக்கு!

நலம், பரம நலம்! ஜெயித்துவிட்டேன்! அணியில் இடம் எனக்குத்தான்!

ஒருவன் மிச்சமில்லை. இருமல் போனி, பேக்கரிக்காரன், மணிலாவில் பயிற்சி எடுத்துவிட்டு வந்த அந்தப் பணக்காரப் பையன், எல்லாரையும் வரிசையாகச் சுருட்டினேன். கடைசி ஆட்டத்தில், போட்டால் ஜெயிப்பு என்கிற ஒன்பதாம் பந்து மேசையின் அந்தக் கோடியில், வெள்ளைப் பந்து இந்தக் கோடியில். ஒரே அடி. விழுந்த சத்தம் கேட்டுப் பந்தயம் கட்டியவர்களெல்லாம் என்னைத் தோளில் தூக்கினார்கள், தலை மின்விசிறியில் படாமல் தப்பியது மாதா புண்ணியம்.

பெக்கர் துரை கோலை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். கழுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பழைய வார்ப்பு போல இருக்கே, இப்பல்லாம் இப்படி வர்றதே இல்ல" என்று சொக்கிப்போனார். பிறகு எல்லாருக்கும் கேட்க, "பாத்தீங்களா, இதுதான்யா அமெரிக்க மரம்! தைவான் குச்சியில இந்தக் கனம் வருமா?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அம்மாவுக்குத்தான் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. கொசு பிடுங்குகிறதாம். மற்றபடி சந்தோஷமாக இருக்கிறாள்.

முத்தங்களுடன், உன் வீரன் டெல்ஃபின்


தைச்சுங்
12 ஜனவரி 1997

என் வீரனுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அறைப் பெண்களுக்கெல்லாம் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நீ ஜெயிப்பாய் என்று எனக்கு எப்போதும் சந்தேகமே இருந்ததில்லை.

ஒரே ஒரு சந்தேகம்தான். கொசுவலை இருக்கும்போது அம்மாவைக் கொசு எப்படியடா பிடுங்கும்?

சீனப் புத்தாண்டுக்கு ஆலையை மூடப்போகிறார்கள். ஓய்வாக உட்கார்ந்து உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.
அக்கா


ஏஞ்சலிஸ்
16 பிப்ரவரி 1997

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடு.

நீ கண்டுபிடித்துவிட்டாய், ஆகவே நேராகச் சொல்கிறேன். நவம்பரில் ஒரு நாள், கோபத்தோடு ஆடு என்று நீ எழுதியபடியே, கொசுவலையை அவிழ்த்தேன். ஆடினேன். அக்கா, அது கோல் இல்லை, என் கை கொஞ்சம் நீளமாக வளர்ந்த மாதிரி. ஆனால் கழுகு இல்லாத கோலோடு போனால் களத்திலேயே விடமாட்டார்களே! டூரோவிடம் போனேன். அவன் ஹாலோவேயிலிருந்து கழுகுத் தகட்டை நெம்பி எடுத்து உன் கோலின் பள்ளத்தில் வைத்தான். செதுக்கவே இல்லை, அளந்து வெட்டிய மாதிரி உட்கார்ந்தது. "உனக்கு அதிர்ஷ்டம்டா" என்றான்.

அதிர்ஷ்டமா இது? பெக்கர் துரை மயங்கியது மயங்கியதுதான். என் பேரிலேயே 'டெல்ஃபின்' என்று ஒரு கோல் கொண்டுவரப் போகிறார்களாம், அதற்கு மாதிரியாக என் கோலைப் பிடுங்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். "துரை, அது எனக்கு வேணுமே" என்றால், "போட்டிக்கு ரீனோவுக்கு வா, உன் கையில திருப்பித் தர்றேன்" என்கிறார். அங்கே அந்தக் குடும்பம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்குமே! டூரோவின் ஒட்டு ஓரத்தில் வழிந்திருக்கிறது. தைவான் குச்சியில் கழுகைத் திருடி ஒட்டிய போலிக்காரன் என்று என்னை அணியிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். ஊரில் தலை காட்ட முடியாது. அந்த இடம் நான் ஆடி வாங்கியது அக்கா, ஒட்டி வாங்கியது இல்லை. அதுதான் வயிற்றை எரிக்கிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது சொல்.
டெல்ஃபின்


தைச்சுங்
23 மார்ச் 1997

என் கண்ணான தம்பிக்கு,

முதலில் மூச்சு விடு. தண்ணீர் குடி. அம்மாவுக்கு ஒரு மூங்கில் கம்பு வாங்கிக் கட்டிக் கொடு, பிறகு மேலே படி.

நீ பயந்த அந்தக் குடும்பம் இருக்கிறதே, பூதக்கண்ணாடிக் குடும்பம், அதில் ஒருத்தி நான்தான். போன புதன்கிழமை எங்கள் மேற்பார்வையாளர் லின் அம்மா ஒரு நீளப் பெட்டியை என் மேசையில் வைத்து, "அமெரிக்காவுல இருந்து வந்த அசல் மாதிரி. இதே மாதிரி செய்யச் சொல்றாங்க. பாத்து எழுது" என்றாள். பெட்டிமேல் டெல்ஃபின் லக்சமானா என்று கொட்டை எழுத்தில் உன் பேர். திறந்தால் என் கறுப்பு வரிக் கோல். அடிக்கட்டையில் அம்மா கொசுவலைக் கயிறு கட்டிய தடம்கூட அப்படியே இருக்கிறது. சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

ஆமாம், கழுகுக் கோல் இங்கேதான் செய்கிறோம். உனக்கு துரை கொடுத்ததும் என் மேசையில் உருண்டதுதான், நான் அனுப்பியதும் என் மேசையில் உருண்டதுதான். தகடு அளந்த மாதிரி ஏன் உட்கார்ந்தது என்று இப்போது புரிகிறதா? அதற்காக வெட்டிய பள்ளமடா அது! வெளியாருக்குச் சொல்லமாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். நீ என்ன வெளியாளா? ஆனால் நீயும் வெளியே மூச்சு விடாதே.

ஆனால் சிக்கல் அங்கே வரவில்லை, இங்கே வந்தது. லின் அம்மாவுக்குக் கண் கழுகுக் கண். "கழுகு தலைகீழா பின்னாடி பாக்குது. ஒட்டு வழிஞ்சிருக்கு. இது யாரோ பண்ணின போலி. அமெரிக்காவுக்கு எழுதிடப் போறேன்" என்று பேனாவை எடுத்துவிட்டாள். உன் டூரோ, கழுகை உன் கையைப் பார்த்துப் பறக்க விட்டிருக்கிறான். அவன் கையை உடைக்க வேண்டும்.

பேனா தாளைத் தொடுவதற்குள் கோலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால், அடிக்கட்டை ரப்பரைக் கழற்றி உள்ளே காட்டினேன். "பாருங்க. நம்ம திருகு. நம்ம மரம். தகடும் நம்ம தட்டுல இருந்து போனதுதான். போலின்னு எழுதினீங்கன்னா, போலி பண்ணினது யாருன்னு அவங்க கேப்பாங்க. நம்ம முத்திரையைத் தவிர இதுல வேற ஆளு முத்திரையே இல்லியே, என்ன சொல்லுவீங்க?"

பேனாவை மூடினாள். கோலை உருட்டினாள். அது நூல் பிடித்த மாதிரி ஆடாமல் ஓடியது. "அப்ப ஒட்டு மட்டுந்தான் மோசம்" என்றாள். "ஆமா, ஒட்டு மட்டுந்தான்" என்றேன். பெட்டியைப் பார்த்தாள், என் சட்டையில் குத்தியிருக்கும் பேரைப் பார்த்தாள். "உங்க ஊர்ல லக்சமானான்னு நிறையப் பேரோ?" என்றாள். "தெருவுக்கு நாலு பேரும்மா" என்றேன்.

ஆகவே பேர் வைக்கிற மேசையில் நானே உட்கார்ந்து, டூரோவின் பசையைச் சுரண்டி, நம் ஆலைப் பசையால் கழுகை ஒட்டினேன். இப்போது அது முறைப்படி ஞானஸ்நானம் பெற்ற கோல். கழுகைத் திருப்பி வைக்கவில்லை. காரணம், பெட்டியின் அடியில் கிடந்த, லின் அம்மா அதுவரை பார்க்காத அமெரிக்கத் தாளில் தெளிவாக எழுதியிருந்தது: இந்த வகையில் மட்டும் கழுகு ஆட்டக்காரன் கையைப் பார்த்துப் பறக்க வேண்டுமாம், அதுதான் இதன் தனிச் சிறப்பாம். உலகத்தில் எத்தனை பேர் 'டெல்ஃபின்' வாங்கினாலும், டூரோ செய்த தப்பையும் சேர்த்துத்தான் வாங்குவார்கள்.

கோல் ரீனோவுக்குப் போய்விட்டது, உனக்கு முன்னால் அங்கே இருக்கும். தலை நிமிர்ந்து போ. அந்த இடம் உன்னுடையது. பேரும் உன்னுடையது.

இப்போதாவது குனிந்து ஆடு.
அக்கா


ரீனோ, அமெரிக்கா
4 மே 1997

அன்பு அக்காவுக்கு,

நான் நலம், இங்கே குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது. உன் கண்ணாடிக்கு இங்கே நல்ல சட்டம் ஒன்று பார்த்து வாங்கியிருக்கிறேன், இனி சாக்குச் சொல்லாதே.

கோல் கைக்கு வந்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடி, முதல் மூன்று ஆட்டங்களை ஜெயித்தேன். நாலாவதில் தோற்றுவிட்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, துணி காய்ந்திருந்தது, யாரும் இருமவில்லை. நான் தப்பாக அடித்தேன், அவ்வளவுதான். வரும் ஆண்டுக்கும் என்னை அணியில் வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் எதிர்ஆட்டக்காரன், ஒரு கிழட்டு அமெரிக்கன், என் கோலை வாங்கித் தன் கையில் நிறுத்திப் பார்த்தான். "அடேங்கப்பா. யாருப்பா இதச் செஞ்சது?" என்றான். பக்கத்தில் பெக்கர் துரை மார்பை நிமிர்த்திக்கொண்டு, நான் ஹாலோவே என்று சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தார்.

நம்ம பாஷையில் சொன்னேன். "எங்க அக்கா கம்பெனி."

"என்ன சொல்றான்?" என்று கிழவன் துரையைக் கேட்டான். "அமெரிக்காவுலயே பெஸ்ட்டுன்னு சொல்றான்" என்றார் துரை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை அக்கா, நான் மட்டும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூக்கையும் சிந்திக்கொண்டேன், குளிருக்கு என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா மூங்கில் கம்பை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள், சத்தம் போடுகிறதாம். கிளம்புவதற்கு முன்னால், கழுகு போன அந்த ஹாலோவேயைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீளமும் கனமும் வலைக்கு அமிர்தம் என்கிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள்.

உன் டெல்ஃபின்